பிலிப் பினேல் என்னும் பெரியார்

முன்னுரை

பாம்பன் கரையிற் பிறந்து வளர்ந்த சிறுவர்க்கு, நீரில் மூழ்குவோனை எங்ஙனம் கரையேற்றுவது என்பதை எவரும் ஏட்டிற் கற்பிப்பதில்லை. முன்புறமாக நெருங்கினால் அவன் நம்மையும் பற்றி உள்ளிழுத்து விடுவான் என்பதும், கயிறோ கட்டையோ கைக்கு எட்டுமாயின் முதலில் அதனை நீட்டவேண்டும் என்பதும், அவன் மனந்தளராதவாறு குரல் கொடுத்துக்கொண்டே அணுகவேண்டும் என்பதும் அவர்கள் தம் தந்தையரிடத்தும் தமையன்மாரிடத்தும் கண்டறிந்தவை. வைத்தியர் வரட்டும் என்று கரையில் காத்து நிற்பார் அங்கு ஒருவரும் இலர். ஆயின், நிலத்தில் நின்றபடியே தன் உள்ளத்துள் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவனைக் காணும்போதோ, அதே மக்கள் செய்வதறியாது திகைக்கின்றனர். சிலர் நகைப்பர், சிலர் அஞ்சி விலகுவர், சிலர் கயிறு கொண்டுவருவர். அது கரையேற்றுங் கயிறன்று, கட்டிவைக்குங் கயிறு.

இக்குறை இன்று தோன்றியதன்று. சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில், மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்து வீதியிலே திரிந்த பித்தன் ஒருவனை நமக்குக் காட்டுகின்றார். அவன் அழுவதும் அரற்றுவதும் தன் நிழலோடு பகைப்பதும் கண்டு, அவன் பின்னே நின்று வருந்துகின்றனர் நகர மாந்தர். அவர்கள் நெஞ்சில் இரக்கம் இருந்தது. அவ்விரக்கத்தை எவ்வாறு செயலாக்குவது என்னும் அறிவு மட்டும் இருந்திலது. இரக்கம் உண்டு, வழி தெரியாது என்னும் அந்நிலையிலேயே உலகம் நெடுங்காலம் நின்றுவிட்டது.

அந்நிலையின் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதை நமது கடற்கரையே கண்டது. பாம்பனிலிருந்து மேற்கே மண்டபம் கடந்து, கடலோரமாகவே கீழக்கரைக்கு அப்பால் சென்றால் ஏர்வாடி வரும். அங்குள்ள தர்காவின் அருளை நாடி, மனம் பேதலித்தோரை அவர்தம் உறவினர் தொலைவூர்களினின்றும் அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். அவர்களைத் தங்கவைக்க ஊரிற் பல காப்பகங்கள் எழுந்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் வைகறையில், அக்காப்பகங்களுள் ஒன்றன் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடித் தப்ப இயலாது, 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணித்தவர் யாவரும் கொடியர் என்று நாம் கூறத் துணியோம். பெற்ற மகனையே சங்கிலியிட ஒப்பிய தாயும் அவர்களிடை உண்டு. வேறு யாது செய்வது என்பதை அவளுக்கு ஒருவரும் கற்பித்திலர்.

இருநூறு ஆண்டுகட்கு முன்னர் பாரிஸ் மாநகரத்தருகே இதே சங்கிலியை எதிர்ப்பட்ட ஒருவர் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நலம் என்று எண்ணியே இதனை எழுதப் புகுந்தோம். அவர் பெயர் பிலிப் பினேல். அவர் புகழை உலகம் நன்கறியும். அப்புகழிற் பாதிக்கு உரியவன், வைத்தியக் கல்வி சிறிதும் இல்லாத ஒரு தோல் பதனிடுந் தொழிலாளி என்பதைப் பலர் அறியார்.

பிறப்பும் கல்வியும்

பினேல் 1745-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலே, இன்று தார்ன் என வழங்கும் நாட்டுப்புறத்திற் பிறந்தார். தந்தையார் சிற்றூரிற் சத்திர வைத்தியம் செய்து பிழைத்தவர், செல்வர் அல்லர். மகனைத் திருச்சபைப் பணிக்கு ஆக்கக் கருதி, முதலில் வேதசாஸ்திரக் கல்வியிற் புகுத்தினர். சில ஆண்டுகள் அத்துறையிற் பயின்ற பின்னர், பினேல் தம் மனம் வைத்தியத்திற் செல்வதை உணர்ந்து துலூஸ் நகருக்குப் போய், 1773-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் மோன்பெலியே நகரத்து வைத்தியசாலைகளில் நான்காண்டு பழகி, 1778-இல் பாரிஸ் சேர்ந்தார்.

பாரிஸ் அவரை வரவேற்றிலது. வெளியூர்ப் பட்டம் பெற்றோர் அத்தலைநகரில் வைத்தியம் புரிதல் அந்நாளைய சட்டத்திற்கு ஒவ்வாது. பரிசு பெற்றேனும் அங்குள்ள கழகத்தில் இடம்பெறலாம் என்று போட்டித் தேர்வு எழுதித் தோல்வியே கண்டார். பேச்சிற் கூச்சமும், அவையஞ்சுதலும் அவர்க்கு இயல்பாய் இருந்தன. கணக்குக் கற்பித்தும், ஆங்கில வைத்திய நூல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தும், சுகாதாரப் பத்திரிகை ஒன்றை நடத்தியும் பதினைந்தாண்டு காலம் அவர் வயிறு வளர்த்தார். நாற்பத்தெட்டு வயது வரை பெயர் பெறாத ஒருவரே பின்னர் ஒரு துறைக்குத் தந்தை எனப் போற்றப்பட்டார் என்பதை, ஒருமுறை தேர்வில் தவறியதும் உலகமே இருண்டதாகக் கருதும் மாணவர் மனத்திற் கொள்வாராக.

அவரை மனநோயின் பக்கம் திருப்பியது ஒரு மரணம். அவர்க்கு நெருங்கிய நண்பனான இளைஞன் ஒருவன், சட்டம் பயில வந்தவன், மிதமிஞ்சிய படிப்பாலும் ஏகாந்தத்தாலும் சித்தம் கலங்கினான். நண்பனுக்குத் துணைநிற்கப் பினேல் முயன்றார். வழி ஒன்றும் புலப்படவில்லை. அவன் ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓரிரவு வீட்டைவிட்டு ஓடிக் காட்டினுட் புகுந்து, ஓநாய்க்கு இரையாகி மாண்டான். கற்ற வைத்தியரே அருகிலிருந்தும் ஒருவனைக் காக்க இயலாது போயிற்று என்னும் எண்ணம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டிலது.

அதன்பின் 1786 தொடங்கிச் சில ஆண்டுகள், பெல்ஹோம் என்னும் தச்சர் ஒருவர் நடத்திய தனியார் விடுதியில் மனநோயாளரைப் பார்த்துவந்தார். செல்வக் குடும்பத்தார் பணம் கொடுத்துத் தம்மவரை விட்டுச்செல்லும் இடம் அது. நோயாளி குணமடைந்தால் வருவாய் குறையும். ஆகவே குணப்படுத்துவதில் விடுதியார்க்கு ஊக்கமில்லை. காப்பகம் நடத்துவோன் ஆதாயமும் நோயாளியின் நலமும் எதிரெதிரே நிற்கும்போது வெல்வது யாது என்பதைப் பினேல் அங்குக் கண்டார். நம் கடற்கரையும் பிற்காலத்தில் இதனைக் கண்டதே.

பிசேத்ர்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. பழைய சட்டங்கள் வீழ்ந்தன. பினேலின் நண்பர்கள் சிலர் புதிய ஆட்சியில் செல்வாக்குற்றனர். அவர்கள் உதவியால், 1793-ஆம் ஆண்டு செப்டம்பரில், பாரிசுக்குத் தெற்கேயுள்ள பிசேத்ர் என்னும் பெரிய விடுதியின் வைத்தியராக அவர் அமர்ந்தார். பிசேத்ர் என்ற பெயரைக் கேட்டாலே அந்நாளிற் பாரிஸ் மக்கள் நடுங்குவர். குற்றவாளிகள், இரப்போர், தீராநோயினர், திக்கற்ற முதியோர் என ஏறக்குறைய 4,000 ஆடவர் அவ்விடத்தே அடைபட்டிருந்தனர். அவர்களுள் மனநோயாளர் சுமார் 200 பேர். அவர்களுட் சிலர் ஆண்டுக்கணக்காகச் சுவரோடு சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர்.

புதிய வைத்தியர் அங்குச் சென்றபோது அவ்விருநூற்றுவர்க்கும் மேற்பார்வையாளனாக இருந்தவன் ழான் பாப்திஸ்த் பூசேன் என்பான். இவனும் பினேல் பிறந்த அதே 1745-இற் பிறந்தவன், கிழக்குப் பிரான்சினன், தொழிலால் தோல் பதனிடுவோன். இளமையிற் கண்டமாலை என்னும் கழுத்துக் கட்டி நோயுற்று, 1771-இல் பிசேத்ருக்கு நோயாளியாகவே வந்து சேர்ந்தான். தீராநோய் என்று வைத்தியர் கைவிட்ட பின்னரும் நலமடைந்தான். நலமடைந்தும் வெளியே போகாது, அவ்விடத்தேயே ஊழியனாய் அமர்ந்து, 1780-களின் நடுவில் மனநோயாளர் பகுதியின் பொறுப்பைப் பெற்றான். அவன் மனைவி மார்கெரித் ஜூப்லீனும் அவனோடு நின்று உழைத்தாள்.

கற்றறிந்த டாக்டர் ஒருவர் இத்தகைய ஊழியனிடம் எங்ஙனம் நடந்துகொள்வார்? ஆணையிடுவார், அவன் கூறுவதைக் கேளார். உலகியல் அது. பினேல் அவ்வாறு செய்திலர். தம் நூலறிவின் செருக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, நாள்தோறும் பல நாழிகை அப்பகுதியிலேயே கழித்து, பூசேனும் அவன் மனைவியும் நோயாளரோடு பழகும் முறையைக் கூர்ந்து நோக்கி, கண்டதைக் கண்டவாறே குறிப்பெழுதலானார். நோயாளர் ஒவ்வொருவரோடும் நெடுநேரம் உரையாடி, அவர்தம் முன்வாழ்க்கையைக் கேட்டறிந்தார். குருதி வாங்குதல், பேதிமருந்து கொடுத்தல் முதலாக அந்நாளில் வழங்கிய கடுஞ்சிகிச்சைகளைக் குறைத்தார். பினேலின் பெருமைகளுள் தலையாயது இப்பணிவே என்பது நமது கருத்து.

பூசேனின் பயிற்சி

பூசேன் கண்ட முறைகள் யாவை? முதலாவது, ஊழியர் எவரும் நோயாளியை அடித்தலாகாது என்பது. நோயாளி அடித்தாலும் திருப்பி அடித்தலாகாது. இவ்விதியைக் கேட்டு ஊழியர் பலர் முரண்டினர். உயிருக்கு ஆபத்து என்றனர். பூசேன் அசையாது நின்று, விதியை மீறினாரை வேலையினின்று நீக்கினான். அவர்கள் இடத்தில் யாரை வைத்தான் என்பதே வியப்பு. நோய் தணிந்து தெளிவுற்றவர்களையே தேர்ந்து ஊழியராக்கினான். சங்கிலியின் கனத்தைத் தம் கையிலேயே அறிந்தவர்களாதலின், அவர்கள் பிறர்பால் மென்மையாக நடந்தனர். நோயாளியின் பேச்சில் எது வெறி, எது வேதனை என்பதையும் அவர்கள் எளிதிற் பகுத்தறிந்தனர்.

இரண்டாவது, வெறிகொண்டு படைக்கலம் ஏந்தி நிற்பானை அணுகும் முறை. பினேல் இதனைத் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். மேற்பார்வையாளன் கையில் ஆயுதம் எதுவும் இன்றி, அச்சமும் ஆத்திரமும் முகத்திற் காட்டாது, மெல்ல மெல்ல முன்னே செல்வான். உறுதியான குரலில், நிறுத்தாமற் பேசிக்கொண்டே, நோயாளியின் கவனம் முழுவதையும் தன்மேலேயே நிறுத்துவான். அதற்குள் மற்றை ஊழியர் பக்கங்களிலிருந்து ஓசையின்றி நெருங்கி, காயம் நேராவண்ணம் கைகால்களைப் பற்றிக்கொள்வர். ஒருவனே பேசவேண்டும், பலர் கூவலாகாது. கட்டுப்படுத்துவது ஒரு கணத்தளவே, தண்டித்தல் அறவே கூடாது என்பன அம்முறையின் உட்கருத்து. இதனைக் கற்க இலத்தீன் வேண்டா. உடற்கூற்று நூல் வேண்டா. நெஞ்சுரமும் பழக்கமுமே வேண்டும்.

மூன்றாவது, உணவும் வேலையும். உண்ணமாட்டேன் என்று பிடிவாதமாய்க் கிடந்தாரைப் பூசேனின் மனைவி இன்சொல்லாலும் பொறுமையாலும் உண்பிப்பாள். புரட்சிக் காலத்துப் பஞ்சத்தில் நோயாளர்க்குரிய ரொட்டியின் அளவு குறைக்கப்பட்டபோது, இறப்புக்கள் பெருகியதைப் பினேல் குறித்துவைத்தார். பசித்த வயிற்றுக்கு அறிவுரை மருந்தாகாது என்பதை அக்குறிப்பு காட்டுகின்றது.

வேலையின் அருமைக்குத் தையற்காரன் ஒருவன் கதை சான்றாகும். பதினாறாம் லூயி மன்னனின் மரண தண்டனையைப்பற்றி ஏதோ பேசிவிட்டமையால், தன்னையும் கொல்லப்போகின்றனர் என்னும் அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது. உறக்கமும் உணவும் ஒழிந்தன. பிசேத்ருக்கு வந்த பின்னர், கிழிந்த ஆடைகளைத் தைக்கும் வேலை அவனுக்குத் தரப்பட்டது. சில காலம் தெளிந்திருந்தான். மீண்டும் அச்சம் மூண்டபோது, பினேல் இளம் வைத்தியர் சிலரை நீதிபதிகளைப்போல் வேடமிட்டு வரச்செய்து, அவன் குற்றமற்றவன் என்று தீர்ப்புக் கூறுவித்தார். அவன் மகிழ்ந்தான், ஆயினும் அத்தெளிவு நிலைத்திலது. அது வெறும் நாடகமே என்று யாரோ அவனிடம் கூறிவிட, நோய் முன்னிலும் வேரூன்றிற்று. ஊசியும் நூலும் அளித்த நலத்தைக்கூட அவ்வஞ்சனை அளிக்கவில்லை. தம் முயற்சி பலிக்காமையையும் மறையாது எழுதிவைத்தமை பினேலின் நேர்மையைக் காட்டும்.

விலங்கொழிந்த வரலாறு

பினேல் பிசேத்ரில் இருந்தது இரண்டாண்டும் நிறையாத காலம். 1795-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெண்டிர்க்கெனப் பாரிசில் இருந்த சால்பெத்ரியேர் என்னும் பெருவிடுதியின் தலைமை வைத்தியராக மாற்றப்பெற்றார். பிசேத்ரில் அப்பொழுதும் விலங்குகள் அகலவில்லை. அவற்றை அகற்றியவன் பூசேன். 1797-ஆம் ஆண்டின் கோடையில், சங்கிலியில் இருந்த நாற்பதின்மர் அளவினரை அவன் அவிழ்த்துவிட்டான். கட்டுப்பாடு இன்றியமையாத வேளைக்கு மட்டும் துணியாலாகிய சட்டையைப் பயன்படுத்தினான். ஊரார் அஞ்சியவாறு கொலையும் கலகமும் நிகழவில்லை. பிசேத்ரின் ஆரவாரமே தணிந்தது.

ஆயினும் பிற்கால உலகம் வேறொரு கதையையே கேட்டு வளர்ந்தது. கூத்தோன் என்னும் புரட்சித் தலைவன் ஐயத்தோடு வந்து நோக்க, பினேல் தம் கைகளாலேயே சங்கிலிகளைக் களைந்தார் என்பது அக்கதை. பினேல் மறைந்த பின்னர் அவர் மகனார் பரப்பியது அது. ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. 1876-இல் ரோபேர் ஃப்ளெரி என்னும் ஓவியர், சால்பெத்ரியேர் முற்றத்தில் பினேல் கம்பீரமாய் நிற்க, பெண்ணொருத்தியின் விலங்கு கழற்றப்படுவதாகத் தீட்டிய சித்திரம் உலகெங்கும் பரவிற்று. 1885-இல் அவ்விடுதியின் முன்னே அவர் சிலையும் எழுந்தது.

பினேல் தாமே இப்புகழைத் திருடினார் அல்லர். தம் நூலின் 1809-ஆம் ஆண்டுப் பதிப்பில், பிசேத்ரில் விலங்கொழியக் காணாமலே தாம் அகன்றதையும், இரண்டாண்டின் பின்னர்ப் பூசேன் அதனை நிறைவேற்றியதையும் தெளிவாகவே குறித்திருக்கின்றார். டாக்டர் தம் நூலில் ஊழியனுக்குப் பங்கு கொடுத்தார். உலகமோ அப்பங்கினைப் பிடுங்கி டாக்டர்க்கே திருப்பிக் கொடுத்தது. எளியோர் செய்த அருஞ்செயலையும் பெரியோர் கணக்கிலேயே எழுதிப் பழகிய உலகம் இது. அக்கணக்கால் நேர்ந்த கேடும் ஒன்றுண்டு. மனம் கலங்கினார்க்கு உதவுதல் டாக்டருக்கே உரிய மந்திரவித்தை, நமக்கு அதில் வேலையில்லை என்று பொதுமக்கள் ஒதுங்கிவிட்டனர்.

சால்பெத்ரியேரும் இறுதிக் காலமும்

சால்பெத்ரியேரிற் பினேல் புகுந்தபோது, தாம் பிசேத்ரில் விட்டுவந்தது யாது என்பதை நன்கு உணர்ந்தார். பூசேனைத் தம்மிடம் அனுப்புமாறு அதிகாரிகளைப் பன்முறை வேண்டினார். ஏழாண்டு கழித்து 1802-இல் அவ்வேண்டுகோள் நிறைவேறிற்று. அங்கும் விலங்குகள் ஒழிக்கப்பெற்றன. 1811-இல் உயிர்நீக்கும் வரை பூசேன் அவர் பக்கத்திலேயே பணிபுரிந்தான். ஒரே ஆண்டிற் பிறந்து, ஒருவர் பட்டமும் ஒருவன் தோற்றொழிலும் கொண்டு, நோயாளர் நடுவே கூடிய இவ்விருவர் நட்பு நம் உள்ளத்தைக் கவர்வதொன்று.

1801-இல் மனநோயைக் குறித்துப் பினேல் வெளியிட்ட நூல் ஐரோப்பா எங்கும் பரவிற்று. மனநோயாளி அறிவு முழுதும் இழந்தவன் அல்லன், அவனுள் எஞ்சிய அறிவோடு நாம் பேசமுடியும் என்பதே அந்நூலின் உயிர்நிலை. அம்மை குத்தும் முறையையும் 1800-இல் தம் விடுதியிற் புகுத்தினார். நெப்போலியன் காலத்திற் சிறப்புக்கள் பல அவரைத் தேடிவந்தன. மன்னராட்சி மீண்டபின், 1822-இல் அரசியற் காரணத்தால் பல ஆசிரியரோடு அவரும் பேராசிரியர் பதவியை இழந்தார். 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், சால்பெத்ரியேரிலேயே, 81-ஆம் வயதில் உயிர் துறந்தார்.

குறைகளும் கூறவேண்டும். பினேலின் விடுதிகளில் அச்சுறுத்தலும் தனியடைப்பும் முற்றும் மறைந்துவிடவில்லை. இரும்பு விலங்கைக் கழற்றி மனத்திற்கு வேறு விலங்கு பூட்டினர் என்று, மிஷேல் ஃபூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1961-இற் கடிந்து எழுதினார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் சங்கிலியிற் கிடந்தவன் எழுந்து முற்றத்தில் உலாவியதும் உண்மையே.

இந்நெறி பரவிய வகை

பினேலின் காலத்திலேயே, அவரை அறியாமல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர், குவேக்கர் சபையினர், 1796-இல் ஓர் இல்லம் திறந்து மனநோயாளரை விருந்தினர்போற் பேணினார். அவரும் வைத்தியர் அல்லர். சென்னையிலே 1794-இல் மனநோயாளர் விடுதி தோன்றிற்று. எனினும் விடுதிகள் பெருகப் பெருக மதில்களும் உயர்ந்தன. நோயாளி உள்ளேயும் உறவினர் வெளியேயும் ஆயினர்.

அம்மதிலை நம் நாட்டில் உடைத்தவர் டாக்டர் வித்யா சாகர். தேசப் பிரிவினைக்குப் பின்னர் அமிர்தசரஸ் மனநோய் வைத்தியசாலைக்குத் தலைவரான அவர், நெருக்கடியும் ஊழியர் குறைவும் கண்டு, 1950-களில் வைத்தியசாலை வளாகத்திலே கூடாரங்கள் அடித்து, நோயாளரோடு உறவினரையும் தங்கச் செய்தார். நாள்தோறும் அவர்களைக் கூட்டி, நோயின் இயல்பையும் நோயாளியிடம் பேசும் முறையையும் விளக்கினார். கற்றுத் தேர்ந்த தாயும் தமையனும் ஊர் திரும்பிப் பிறர்க்கும் வழிகாட்டினர். நம் தமிழ்நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி 1957-இல் அமைத்த மனநல நிலையமும், உறவினர் உடனிருந்து கற்கும் இம்முறையைக் கையாண்டது. குறைவால் வந்த ஏற்பாடு, நிறைவினும் மேம்பட்ட நன்மை தந்தது.

2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், பெட்டி கிச்சனர் என்னும் மாதரார், தம் கணவர் அந்தோணி ஜார்முடன் கூடி, பொதுமக்களுக்கு மனநல முதலுதவி கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். அவ்வம்மையாரும் முன்னர் மனச்சோர்வு நோயுற்றுத் தேறியவர். காயத்திற்குக் கட்டுப்போடும் முதலுதவி உண்டாயின், உள்ளக் காயத்திற்கு ஏன் இல்லை என்பதே அவர்தம் வினா. அவ்வகுப்பு பின்னர்ப் பல நாடுகளிற் பரவியது. தேறியவரே தேற்றுவோர் ஆகலாம் என்று பூசேன் கண்ட உண்மை இருநூறு ஆண்டின் பின் இங்ஙனம் மறுபடியும் தளிர்த்தது.

நமது கடமை

ஏர்வாடித் தீயின் பின்னர் உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை மேற்கொண்டது, கொட்டகைகள் மூடப்பட்டன, தர்காவினருகே அரசாங்க வைத்தியமும் பிற்காலத்தில் எட்டிற்று. தொழுகையும் மருந்தும் ஒன்றற்கொன்று பகையாக வேண்டுவதில்லை என்பதை மக்கள் உணரலாயினர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளரை எவ்வகையாலும் சங்கிலியிடுதல் கூடாது என்று விதித்தது. ஆயினும் சட்டம் சங்கிலியைக் கழற்றச் சொல்லுமேயன்றி, கழற்றியபின் அவனிடம் என்ன பேசுவது என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்லவேண்டியவர் நாமே.

பாம்பன் கரையில் இதற்குத் தேவை மிகுதி. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது உற்றாரை இழந்தோர் துயரை நம் முன்னோர் கண்டனர். கடலுக்குச் சென்றவர் அயல்நாட்டுக் காவலிற் சிக்கி மீளாதிருக்க, கரையிற் கண்ணுறங்காது காத்திருக்கும் மனைவியரும், கடன் மிகுந்து படகை இழந்த வலைஞரும், தேர்வில் தவறிய பிள்ளைகளும் நம்மிடையே வாழ்கின்றனர். டாக்டர் இராமநாதபுரத்தில் இருக்கலாம். துன்பம் நள்ளிரவிற் பக்கத்து வீட்டில் நிகழ்கின்றது. அக்கணத்தில் அங்கிருப்பவர் அண்டை வீட்டாரே.

அவர் செய்யத்தக்கன யாவை? கூட்டத்தை விலக்கி, ஒருவரே அமைதியாகப் பேசவேண்டும். அருகிற் கத்தியோ நஞ்சோ இருப்பின் அகற்றவேண்டும். அவன் கூறும் பொய்த்தோற்றங்களை மறுத்து வாதிடவும் வேண்டா, மெய்யென்று ஒப்பவும் வேண்டா. அவன் அச்சம் மெய் என்பதை ஏற்றால் போதும். அறிவுரைக்கு விரையாது கேட்கவேண்டும். சாக நினைக்கின்றாயா என்று நேராகவே வினவலாம்; அவ்வினா அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை, அடைபட்டிருந்ததைத் திறக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. ஆம் என்பானாயின் அவனைத் தனியே விடலாகாது. பின்னர் வைத்தியரிடம் செல்ல இணக்கி, கூடவே சென்று, திரும்பியபின் பழையபடியே பெயர் சொல்லி அழைத்து, இயன்ற வேலையும் கொடுக்கவேண்டும். நோய் இன்னதென்று முடிவு கட்டுவதும் மருந்து கொடுப்பதும் நம் வேலை அல்ல. 2022-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் நடத்தும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். அவ்வெண் ஒவ்வொரு படகிலும் வீட்டிலும் எழுதிவைக்கத் தக்கது.

மாணவ அன்பர்காள்! கெரசேனர் நாட்டிலே சங்கிலிகளாற் கட்டியும் அடங்காது கல்லறைகளிடையே திரிந்தவன் ஒருவன், ஆடை உடுத்துத் தெளிந்த புத்தியோடு அமர்ந்திருந்த செய்தியைச் சுவிசேஷத்திற் படித்திருக்கின்றோம். ஊரார் செய்தது சங்கிலியிட்டது ஒன்றே. ஆண்டவரோ அவனை நோக்கி அவன் பெயரைக் கேட்டார். பட்டம் பெற்ற பினேலும், பட்டமற்ற பூசேனும் அவ்வழியே சென்று, நோயாளியின் வரலாற்றைக் கேட்டமர்ந்தனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள், உங்கள் தெருவில் எல்லாரும் அஞ்சி விலகும் ஒருவர் இருப்பின், அவர் பெயரை அறிந்து, ஒருநாள் அவர் அருகிற் சற்றே அமர்ந்து வாருங்கள். பயிற்சி அங்கே தொடங்குகின்றது.